திரையில் ஒரு மார்கோலின்: பெயர் மாறிப்போன ஒரு குறிசுடும் கைத்துப்பாக்கி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

திரைப்படங்களில் பயன்பட்ட பொருட்களை மையமாக வைத்து ஒரு சிறிய கண்காட்சி நடந்தது. அதில் காட்சிக்கு வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் விளக்க அட்டை எழுதும் பொறுப்பு எங்கள் நால்வருக்கு. ஒருவர் தொகுப்பாளர், ஒருவர் புகைப்படங்களைக் கையாள்பவர், ஒருவர் மொழிபெயர்ப்பாளர். அட்டை வாசகத்தை இறுதி செய்வது என் வேலை. துப்பாக்கிப் பிரிவு மொத்தமே ஒரு சுவர்தான். அதில் ஒரு மூலை, போட்டிகளுக்கென்றே செய்யப்பட்ட அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிகள் (ஒரு குண்டு சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்பவை) திரையில் எப்படித் தோன்றின என்பதற்கு ஒதுக்கப்பட்டது.

அந்த மூலையில் இரண்டு பொருட்கள். முதலாவது, 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் இளவரசி லேயா ஏந்தும் ஆயுதத்தின் நகல். இரண்டாவது, 1950களின் பிற்பகுதியில் எடுக்கப்பட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் ஸ்டில். துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் நடக்கும் காட்சி அது; ஓர் இளைஞர் கையை நீட்டி ஒல்லியான குழல் கொண்ட துப்பாக்கியைப் பிடித்திருப்பார். இவற்றோடு, ‘இந்தத் துப்பாக்கி தோன்றிய பிற படங்கள்’ என்று ஒன்பது பதிவுகள் கொண்ட ஒரு பட்டியலும் சுவரில் இருந்தது. அதை ஓர் ஆர்வலர் பல ஆண்டுகளாகச் சேர்த்து எங்களுக்கு அன்போடு கொடுத்திருந்தார்.

கண்காட்சி தொடங்கியபோது அந்த மூலையில் இரண்டு பிழைகள் இருந்தன. ஸ்டிலின் கீழே ‘வால்தர் ஒலிம்பியா’ என்ற ஜெர்மன் போட்டித் துப்பாக்கியின் பெயரை எழுதியிருந்தோம், அது தவறு. பட்டியலோ, சரிபார்த்தபோது பாதிக்கும் மேல் கரைந்துபோனது. இரண்டும் எப்படி நடந்தன, எப்படித் திருத்தினோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்தத் துப்பாக்கி

விஷயத்துக்குள் போகும் முன் துப்பாக்கியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அட்டை எழுதியதுதான் எங்கள் முதல் குறை.

இது மார்கோலின் கைத்துப்பாக்கி. வடிவமைத்தவர் மிகைல் மார்கோலின் (1906–1975), சோவியத் நாட்டவர். 1924-இல் தலையில் குண்டு பாய்ந்து இரண்டு கண்களிலும் பார்வையை இழந்தார். அதன் பிறகுதான் ஆயுத வடிவமைப்பில் இறங்கினார். வரைபடம் அவருக்குப் பயன்படாது. ஆகவே உதிரிப் பாகங்களை மெழுகிலும் பிளாஸ்டிசினிலும் மரத்திலும் கையால் உருவாக்கி, விரலால் தடவிப் பார்த்துத் திருத்துவார். உதவியாளர்கள் அந்த மாதிரிகளை அளந்து காகிதத்தில் ஏற்றுவார்கள். 1940களின் இறுதியில் உருவான இந்தத் துப்பாக்கி இஷெவ்ஸ்க் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் தயாரானது. ஏற்றுமதியானவற்றில் ‘வோஸ்டாக்’ என்ற வணிகப் பெயர் இருக்கும்.

5.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள, விளிம்பில் தட்டினால் வெடிக்கும் சிறிய தோட்டாவைச் சுடுவது. பொதுப் பயிற்சிக்கான வகை நீளத் தோட்டாவையும், விரைவுப் போட்டிக்கான வகை குட்டைத் தோட்டாவையும் எடுக்கும். குட்டைத் தோட்டாவுக்கு உதைப்பு குறைவு. ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையே கை தன் இடத்துக்குத் திரும்ப அதிக நேரம் பிடிக்காது. அந்தப் போட்டியில் 25 மீட்டர் தொலைவில் ஐந்து இலக்குகளை 8 வினாடியில், பிறகு 6 வினாடியில், பிறகு 4 வினாடியில் சுட வேண்டும். 4 வினாடியில் ஐந்து குண்டு. துப்பாக்கி கையில் சற்றே துள்ளினாலும் ஐந்தாவது இலக்கு கைநழுவிவிடும்.

அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் இந்தத் துப்பாக்கியின் மிகத் தெளிவான அடையாளம். சாதாரணக் கைத்துப்பாக்கியில் குறி பார்க்கும் பின் சைட், ஸ்லைடு எனப்படும் முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்லைடு பின்னால் ஓடித் திரும்பும்போது சைட்டும் கூடவே ஓடும். மார்கோலினில் ஸ்லைடு குட்டையானது. அதற்கு மேலே, சட்டகத்தோடு நிலையாகப் பிணைந்த ஒரு சிறு பாலம். பின் சைட் அந்தப் பாலத்தின் மேல் இருக்கிறது. ஸ்லைடு பாலத்துக்கு அடியில் ஓடுகிறது. எத்தனை குண்டு சுட்டாலும் சைட் அசையாது. விஷயம் தீர்ந்ததே இந்த ஒரு பாகத்தால்தான் என்பதால் இதை விரித்துச் சொல்கிறேன்.

தவறு நுழைந்த விதம்

ஸ்டிலைப் பார்த்தவுடன் எங்கள் குழுவில் ஒருவர் ‘இது ஒலிம்பியா’ என்றார். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. வால்தர் ஒலிம்பியாவுக்கும் வெளியே தெரியும் ஒல்லியான குழலும் குட்டை ஸ்லைடும் உண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் விரைவுப் போட்டியின் தங்கமும் வெள்ளியும் ஜெர்மன் வீரர்களுக்குப் போயின. அந்தப் புகழோடு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பழைய படம், கிளப் காட்சி, ஒல்லிக் குழல் — மூன்றையும் சேர்த்தால் முதலில் நாவில் வருவது அந்தப் பெயர்தான். நான் ஒரு புத்தகப் படத்தோடு ஒப்பிட்டேன். ஒத்துப்போவது போலவே தெரிந்தது. அட்டை அச்சுக்குப் போனது.

இப்போது யோசிக்கும்போது, நான் ஒப்பிட்டது நிழலுருவத்தை மட்டுமே. குழலின் நீளத்துக்கும் பிடியின் சாய்வுக்கும் கண் போனது. சைட் எதன் மேல் நிற்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. பெயரை முதலில் கேட்டுவிட்டு அதற்கான சான்றைத் தேடினேன். அப்படித் தேடினால் சான்று கிடைத்தே தீரும்.

பட்டியலின் கதை வேறு. ஒன்பது பதிவுகளில் எதையும் நாங்கள் திறந்து பார்க்கவில்லை. தொகுத்தவர் நேர்மையானவர், பல ஆண்டு உழைப்பு என்ற மதிப்பில் அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

வந்த ஆட்சேபம்

கண்காட்சி தொடங்கி மூன்றாவது வாரம். வயதான பார்வையாளர் ஒருவர், முன்னாள் போட்டியாளர், அந்தச் சுவரின் முன் வெகுநேரம் நின்றிருந்தார். பிறகு தொகுப்பாளரைக் கூப்பிட்டார். “தம்பி, இந்தப் பையன் கையில இருக்கிறது மார்கோலின். நான் பதினோரு வருஷம் அதை வச்சுத்தான் சுட்டேன்” என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் ஐயா என்று கேட்டதற்கு அவர் ஸ்டிலைக் காட்டவில்லை. தன் வலது கையை நீட்டி, இடது கையால் இல்லாத ஒரு ஸ்லைடை இரண்டு விரலால் பிடித்துப் பின்னால் இழுத்துக் காட்டினார். “இழுக்கும்போது விரலுக்கு மேல ஒரு கம்பி மாதிரி நிக்கும். அது நகராது. படத்துல அவன் இழுக்கிற இடம் இருக்கா பாருங்க” என்றார்.

தொகுப்பாளர் அன்று மாலை இதை எங்களிடம் சொன்னபோது, உண்மையைச் சொன்னால், என் முதல் எண்ணம் தற்காப்பாகவே இருந்தது. அட்டை அச்சாகிவிட்டது, புத்தகத்தோடு ஒப்பிட்டாயிற்று என்றேன். மொழிபெயர்ப்பாளர்தான் ஒரே கேள்வியில் அதை நிறுத்தினார்: “அவர் சொன்ன இடத்தைப் படத்தில் பார்த்தோமா?” பார்க்கவில்லை.

முதல் முடிவு

அன்றே இரண்டு முடிவுகள் எடுத்தோம். ஒன்று, ஸ்டிலின் அட்டையிலிருந்து துப்பாக்கியின் பெயரை எடுத்துவிட்டு ‘குறிசுடும் கைத்துப்பாக்கி, அடையாளம் சரிபார்ப்பில் உள்ளது’ என்று ஒட்டுவது. பெயரை உடனே ‘மார்கோலின்’ என்று மாற்றிவிடலாமே என்று ஒருவர் சொன்னார். நான் மறுத்தேன். பெரியவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒருவர் சொன்னார் என்று எழுதிய பெயரை இன்னொருவர் சொன்னார் என்று மாற்றினால், பிழை செய்த அதே முறையை இரண்டாம் முறை செய்கிறோம்.

இரண்டாவது, பட்டியலைச் சுவரிலிருந்து முழுமையாக இறக்குவது. இதில் தயக்கம் இருந்தது. கொடுத்தவர் வருந்துவார் என்று பயந்தோம். நானே அவரை அழைத்துப் பேசினேன். அவர் வருந்தவில்லை. தானும் சரிபார்ப்பில் கலந்துகொள்ளலாமா என்று கேட்டார். அது எங்களுக்குக் கிடைத்த பெரும் உதவி.

பிரேம் பிரேமாகப் பார்த்தது

கறுப்பு வெள்ளைப் படத்தின் நல்ல பிரதி ஒன்றைப் பெற்று, கிளப் காட்சியை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தோம். வினாடிக்கு 24 பிரேம். முதலில் சுடும் இடங்களைத் தேடினோம். சுடும்போது ஸ்லைடு ஓடுவதும் சைட் நிற்பதும் தெரிந்துவிடும் என்று நினைத்தோம். அது கைகொடுக்கவில்லை. சுடும் ஒலி கேட்கிறது, ஸ்லைடு அசையவே இல்லை.

இதற்கும் காரணம் உண்டு. இந்த வகைத் துப்பாக்கியில் ஸ்லைடைப் பின்னால் தள்ளுவது, குண்டு குழலில் ஓடும்போது எழும் அழுத்தம். குண்டு இல்லாத வெற்றுத் தோட்டாவில் அந்த அழுத்தம் போதிய அளவு எழாது. குழலின் வாயைக் குறுக்கி அழுத்தத்தை உள்ளே தேக்கினால்தான் இயங்கும். சிறிய தோட்டாவில் அதுவும் எளிதல்ல. ஆகவே படங்களில் இத்தகைய துப்பாக்கிகள் பெரும்பாலும் ஒரு குண்டு சுட்டதோடு நின்றுவிடும், அல்லது ஒலியைப் பிறகு சேர்த்துவிடுவார்கள். திரையில் ஸ்லைடு ஓடவில்லை என்பதால் அது அரைத் தானியங்கி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்பதை இங்கேதான் கற்றோம்.

பிறகு பெரியவர் சொன்ன இடத்தைத் தேடினோம். இருந்தது. இளைஞர் இலக்கை நோக்கித் திரும்புவதற்கு முன், கேமராவுக்குப் பக்கவாட்டில் நின்று ஸ்லைடை இழுக்கிறார். மொத்தம் பதினொரு பிரேம். மூன்றாவதிலிருந்து ஏழாவது வரை ஸ்லைடின் வரிப்பள்ளங்கள் தெளிவாகப் பின்னால் நகர்கின்றன. அதற்கு மேலே ஒரு கருத்த வளைவு. டிரிகர் வளையத்திலிருந்து அதன் தூரம் எல்லாப் பிரேமிலும் ஒன்றே. சைட் நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஸ்லைடு அதற்கு அடியில் போகிறது. ஒலிம்பியாவில் அப்படி ஒரு பாலம் கிடையாது. வால்தர் என்ற பெயர் அந்த ஐந்து பிரேமில் முடிந்துபோனது.

புகைப்படக்காரர் உற்சாகத்தில் உடனே ‘மார்கோலின்’ என்று எழுதப் போனார். பாலம் உள்ள துப்பாக்கி வேறு எதுவும் உண்டா என்று பார்க்காமல் எழுத வேண்டாம் என்று நிறுத்தினேன். உண்டு. அமெரிக்காவின் ஹை ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1960களில் கொண்டுவந்த ‘மிலிட்டரி’ வகைகளிலும் பின் சைட் இப்படியே ஸ்லைடுக்கு மேல் நிலையான பாலத்தில் நிற்கும். ஆனால் அவற்றின் பிடி, 1911 மாடல் ராணுவக் கைத்துப்பாக்கியின் சாய்வைக் கையில் உணரும்படி செய்யப்பட்டது; குழலும் தடிமனானது. அதைவிட உறுதியான காரணம், எங்கள் படம் அந்த வகை சந்தைக்கு வரும் முன்பே வெளியாகிவிட்டது. அமெரிக்காவின் மற்ற இரண்டு பிரபல சிறு தோட்டாத் துப்பாக்கிகளையும் பார்த்தோம். ரூகரில் ஸ்லைடே இல்லை, உருளை வடிவக் கூட்டுக்குள் போல்ட் மட்டும் ஓடும். கோல்ட் உட்ஸ்மேனில் ஸ்லைடு உண்டு, பாலம் இல்லை.

அசலோடு ஒப்பிட்டது

கடைசிப் படி அசலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. சுடும் நிலையிலுள்ள ஒன்றைக் கொண்டுவரலாமா என்ற பேச்சு எழுந்தது. பெரியவரிடமே ஒன்றை ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்கலாம் என்றார்கள். வேண்டாம் என்று தீர்மானித்தோம். சிறிய தோட்டா என்பதால் அது விளையாட்டுப் பொருள் ஆகிவிடாது. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடத்தில் சுடக்கூடிய ஆயுதம் இருக்க எந்தக் காரணமும் போதாது. படப்பிடிப்புகளுக்கு ஆயுதம் வாடகைக்குத் தரும், உரிமம் பெற்ற ஒருவரிடமிருந்து நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யப்பட்ட ஒரு மார்கோலினை ஒரு நாளுக்குப் பெற்றோம். அது பூட்டிய அறையை விட்டு வெளியே வரவில்லை. செயலிழந்தது என்று தெரிந்தும், ஒவ்வொரு முறை கை மாறும்போதும் மேகசினை எடுத்துவிட்டு, துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து காட்டினோம். பெரியவர் அதில் மிகக் கண்டிப்பாக இருந்தார்.

பிரேமில் இருந்த கோணத்திலேயே, கேமராவை ஏறக்குறைய அதே உயரத்தில் வைத்துப் படம் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தோம். டிரிகர் வளையம், பாலம், ஸ்லைடின் விளிம்பு, பிடியின் பின் வளைவு நான்கும் பொருந்தின. முன் முனை மட்டும் சற்று விலகியது. துப்பாக்கி கேமராவை நோக்கிச் சிறிது சாய்ந்திருந்ததால் வந்த வித்தியாசம் என்று கணித்தோம், சாய்த்து வைத்து எடுத்தபோது அதுவும் பொருந்தியது.

ஒன்பது பதிவுகள்

பட்டியலில் முதல் பதிவு இளவரசி லேயாவின் ஆயுதம். அது ஒரு மார்கோலினை அடிப்படையாக வைத்துச் செய்தது என்பதில் ஐயமில்லை. அந்தப் படத்தின் கலைக்குழு கற்பனை ஆயுதங்களை வெறுமையிலிருந்து செய்யவில்லை. அசல் துப்பாக்கிகளை எடுத்து அவற்றின் மேல் பாகங்களைச் சேர்த்தார்கள். ஹான் சோலோவின் ஆயுதத்துக்குள் இருப்பது மௌசர் சி96, படைவீரர்கள் ஏந்துவது ஸ்டெர்லிங் துணை இயந்திரத் துப்பாக்கி. லேயாவுக்கு மட்டும் போட்டித் துப்பாக்கி. அந்தத் தேர்வு எனக்கு இன்றும் அழகாகப் படுகிறது: மெலிந்த குழல், உயர்ந்து நிற்கும் சைட், போர்க்களத்தின் சாயல் இல்லாத ஒரு வடிவம். மற்ற ஆயுதங்களின் நடுவே அது தனித்துத் தெரிகிறது.

மீதி எட்டில் சிக்கல் பெயரிலிருந்தே தொடங்கியது. ரஷ்ய எழுத்தில் துப்பாக்கியின் குறியீடு மூன்று எழுத்து. நடுவிலுள்ள எழுத்தை ஒருவர் ‘சி’ என்று வாசித்து ‘எம்.சி.எம்.’ என்பார். இன்னொருவர் ஒலிப்படி ‘எம்.டி.எஸ்.எம்.’ என்பார். மூன்றாமவர் குறியீட்டை விட்டுவிட்டு ‘வோஸ்டாக்’ என்பார். எங்கள் பட்டியலில் ஒரே படத்தின் ஒரே காட்சி இந்த மூன்று பெயர்களிலும் மூன்று தனிப் பதிவாக இருந்தது. மூன்று வெவ்வேறு துப்பாக்கிகள் என்று எண்ணியே சேர்த்திருந்தார் ஆர்வலர். இதைக் கண்டுபிடித்தவர் மொழிபெயர்ப்பாளர். துப்பாக்கி பற்றி எங்களில் அவருக்குத்தான் குறைவாகத் தெரியும். எழுத்து பற்றி அவருக்குத்தான் அதிகம் தெரியும். அந்தக் காட்சி மார்கோலினே என்று பிறகு உறுதியானது. ஆனால் அது ஒரு பதிவு, மூன்றல்ல.

இரண்டு பதிவுகளில் இருந்தது ரூகர். ஒலியடக்கி மாட்டிய ஒல்லித் துப்பாக்கி என்றாலே மார்கோலின் என்று எழுதியிருந்தார்கள். இன்னொன்றில் ஹை ஸ்டாண்டர்டின் பழைய வகை. இப்படி எழுதத் தூண்டும் ஒரு திரை மரபு உண்டு: சிறு தோட்டாவின் ஒலியை அடக்குவது எளிது என்பதால், மறைந்திருந்து கொல்பவர்களின் கையில் போட்டித் துப்பாக்கியின் உறவுகளைக் கொடுப்பது வழக்கம். 1960-இல் சோவியத் எல்லைக்குள் வீழ்ந்த அமெரிக்க உளவு விமானமான யூ-2-இன் விமானி வைத்திருந்ததும் ஒலியடக்கி பொருத்திய ஹை ஸ்டாண்டர்ட்தான். ஆக அந்தத் திரை வழக்கத்துக்கு நிஜ வாழ்வில் வேர் உண்டு. ஆனால் அது மார்கோலினின் வேர் அல்ல.

மீதி இரண்டில் ஒன்று இருட்டுக் காட்சி. பாலம் தெரிகிறது, குழல் சட்டைக் கைக்குள் மறைந்திருக்கிறது. படம் 1970களைச் சேர்ந்தது, ஆகவே ஹை ஸ்டாண்டர்ட் மிலிட்டரியாகவும் இருக்கலாம். கடைசிப் பதிவில் கையில் இருப்பது ரப்பர் வார்ப்பு. வார்ப்பு மார்கோலினிலிருந்து எடுத்ததுதான், பாலத்துக்கு அடியில் வெளிச்சம் போகாமல் அடைபட்டிருப்பதே வார்ப்பைக் காட்டிக்கொடுத்தது. அதைச் சேர்க்கலாமா என்று இரண்டு நாள் வாதிட்டோம். ஆர்வலர் சேர்க்க வேண்டும் என்றார்: திரையில் பார்வையாளர் காண்பது வடிவத்தைத்தானே என்பது அவர் வாதம். எனக்கும் அது ஏற்புடையதாகவே பட்டது. ‘ரப்பர் வார்ப்பு’ என்று குறிப்பிட்டுச் சேர்த்தோம்.

பின் நடந்தவை

கண்காட்சியின் ஆறாவது வாரத் தொடக்கத்தில் புதிய அட்டைகள் சுவருக்குப் போயின. ஸ்டிலின் கீழே மார்கோலின் என்ற பெயரும், அதை எந்தப் பிரேம்களிலிருந்து முடிவு செய்தோம் என்ற குறிப்பும், முதல் மூன்று வாரம் வேறு பெயர் எழுதியிருந்தோம் என்ற ஒரு வரியும். அந்த வரி தேவையா என்று தொகுப்பாளர் கேட்டார். முதல் வாரத்தில் வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்களிடம் பழைய அட்டையின் படம் இருக்கும். இரண்டையும் ஒரு நாள் யாராவது ஒப்பிட்டுக் குழம்புவார்கள் என்பதால் வைத்தே ஆக வேண்டும் என்றேன்.

பட்டியலில் ஒன்பதுக்குப் பதில் நான்கு பதிவுகள் மிஞ்சின. இரண்டு உறுதியானவை, ஒன்று ரப்பர் வார்ப்பு, ஒன்று ‘மார்கோலின் அல்லது ஹை ஸ்டாண்டர்ட்’. இதைவிட நீளமான பட்டியலைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பார்வையாளர் ஏமாற்றம் தெரிவித்தார். அவருக்கு நீக்கியவற்றையும் காரணங்களையும் எடுத்துக்காட்டினோம். அரை மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டுப் போனார்.

இப்போது மாற்றிக்கொண்டவை

அட்டைக்கு வரும் எந்தத் துப்பாக்கிப் பெயருக்கும் காட்சியின் நேரக்குறிப்பு இல்லாமல் நான் கையெழுத்திடுவதில்லை. பெயரைச் சொல்பவர் அதை முதலில் சொல்லாமல், தெரியும் பாகங்களை மட்டும் மற்றவர்களுக்கு விவரித்த பிறகே சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறோம். இது மெதுவான முறைதான், சில சமயம் எரிச்சலும் தரும், ஆனால் என்னைப் போல் பெயரைக் கேட்டபின் சான்று தேடுபவர்களைத் தடுக்கிறது. ரஷ்யக் குறியீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து முறையை மொழிபெயர்ப்பாளர் வகுத்துக் கொடுத்திருக்கிறார். போட்டியில் அந்தத் துப்பாக்கியை உண்மையில் சுட்டவர் ஒருவரை அச்சுக்கு முன்பே கேட்கிறோம்.

ஒப்பிடும் நாளன்று பெரியவரும் வந்திருந்தார். இப்போது அவருக்குப் பார்வை மிகவும் மங்கல். ஸ்டிலின் அருகில் அவ்வளவு நேரம் நின்றதன் காரணம் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. செயலிழந்த துப்பாக்கியைக் கையில் கொடுத்ததும் தோட்டா அறையைத் திறந்து விரலால் தொட்டுக் காலி என்று உறுதி செய்தார். பிறகு கட்டைவிரலைப் பாலத்தின் அடியில் வைத்து, ஸ்லைடை மெல்ல இழுத்து, மெல்ல விட்டார். “இதேதான்” என்று சொல்லி, குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பியபடியே என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.